காக்கையும் பனம்பழமும்: விதைநேர்த்தி பயன் தந்ததா?

கேள்வி: மேட்டுக் கொல்லையிலும் கிணற்றடி நிலத்திலும் நிலக்கடலை போட்டேன். மேட்டுக் கொல்லைக்கு மட்டும் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்தேன். அங்கே மூன்று வருடமாகக் கடலைதான். கிணற்றடியில் போன பட்டம் நெல். இரண்டு இடத்திலும் 200 செடிகளை எண்ணியதில், இங்கே 20, அங்கே 20 வேரழுகலில் செத்திருந்தன. விதைநேர்த்தி வீண் வேலை என்கிறார்கள் வீட்டில். அடுத்த பட்டத்துக்கு விட்டுவிடலாமா? - ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: விட்டுவிட வேண்டாம். செடிகளை எண்ணிப் பார்த்தது நல்ல பழக்கம். ஆனால் இந்தக் கணக்கை வைத்து விதைநேர்த்தி பயன் தந்தது என்றும் சொல்ல முடியாது, தரவில்லை என்றும் சொல்ல முடியாது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்ததாலேயே ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று ஆகாது. அவற்றுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதலாவது தெரிந்ததும், இரண்டாவதைப் பற்றிய கணிப்பு மாறுகிறதா? நேர்த்தி செய்த விதையில் 100க்கு 10 செடி சாகிறது, செய்யாததிலும் 100க்கு 10 சாகிறது என்றால், நேர்த்தி செய்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டு பயனில்லை. அவை ஒன்றையொன்று சாராதவை. ஒன்றில் 6, மற்றதில் 14 என்று வந்தால் சார்பு இருக்கலாம்.

அப்படியானால் வாசகரின் கணக்கில் 10க்கு 10 தானே வந்தது? இங்கேதான் கவனிக்க வேண்டும். வேரழுகல் பூசணம் மண்ணிலேயே தங்கி வாழ்வது. கடலைக்குப் பின் கடலை போட்ட நிலத்தில் அது பெருகும். மேட்டு நிலம் சீக்கிரம் காய்வதும் அந்த நோய்க்குச் சாதகம். நெல் அறுத்த நிலத்தில் தாக்குதல் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆக, நோய் அதிகம் வரக்கூடிய நிலத்தில்தான் நேர்த்தி செய்த விதை விழுந்திருக்கிறது. விரிடி இல்லாவிட்டால் அங்கே 20க்குப் பதில் 40 செடிகூடச் செத்திருக்கலாம். நிலத்தின் குணமும் விதைநேர்த்தியின் குணமும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிரித்துப் பார்க்க, அடுத்த பட்டத்தில் ஒரே நிலத்தில் சோதனை வைக்கலாம். ஒரே அளவில் 16 பாத்திகள் எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டிரண்டை ஒரு சோடியாக்கினால் 8 சோடி. ஒவ்வொரு சோடியிலும் எந்தப் பாத்திக்கு நேர்த்தி செய்த விதை என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். நல்ல பாத்தியாகப் பார்த்து நாமே ஒதுக்கினால் பழைய தவறுதான் திரும்ப வரும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் பணிக்குச் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் வயல் சோதனைகளுக்கு வகுத்துத் தந்த முறையும் இந்தக் குலுக்கல்தான். விதை, விதைக்கும் நாள், தண்ணீர், உரம் எல்லாம் 16 பாத்திக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நடு வரிசைகளில் எண்ணி 100 விதை ஊன்றி, 40ஆம் நாள் எத்தனை செடி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

பிறகு சோடி சோடியாக ஒப்பிட வேண்டும். விதைநேர்த்தியால் ஒரு பயனும் இல்லை என்றால், எந்தப் பாத்தி முந்துகிறது என்பது பூவா தலையா போலத்தான். எட்டு முறை சுண்டி எட்டும் பூவாக விழுவது 256இல் ஒரு வாய்ப்பு. ஏழோ எட்டோ விழுவது 100க்கு 4க்கும் குறைவு. ஆகவே நேர்த்தி செய்த பாத்தி 7 அல்லது 8 சோடியில் முந்தினால், அது காக்கை உட்கார்ந்த கதை இல்லை என்று நம்பலாம். 6 சோடியில் முந்தினால் அவசரப்பட வேண்டாம். ஆறோ அதற்கு மேலோ தற்செயலாக வருவது 100க்கு சுமார் 14 முறை நடக்கக்கூடியது. அப்படி வந்தால் பயனில்லை என்றும் பொருள் இல்லை, இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள். அடுத்த பட்டத்தில் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை சோதனைப் பாத்திகள் தவிர மற்ற நிலத்துக்கு விதைநேர்த்தியை நிறுத்த வேண்டாம். கிலோ பருப்புக்கு 4 கிராம் வீதம், ஏக்கருக்கு 50 கிலோ விதைக்கு 200 கிராம் விரிடி போதும். பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். இரசாயனப் பூசணக்கொல்லியோடு கலக்கக் கூடாது. விரிடியும் உயிருள்ள பூசணம், அதுவே செத்துவிடும். மேட்டுக் கொல்லையில் ஒரு பட்டமாவது கம்பு என்று பயிரை மாற்றுவதும் நல்லது.