வெல்டிங் வேண்டாம், ஆலன் கீ போதும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ப்ராசசர் என்ன, ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருக்கும் மதர்போர்ட், தொழிற்சாலையில் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு எதில் வைத்துத் தள்ளப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தள்ளுவண்டியைப் பற்றியது. எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி செய்யும் இடம் ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையாக இருக்கலாம். ராஜபாளையத்தில் இரண்டு அறை கொண்ட பட்டறையாகவும் இருக்கலாம். எதுவானாலும் எடை குறைந்த, கழற்றி மாட்டக் கூடிய ட்ராலிக்கும் ரேக்குக்கும் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதன் உயரம், அகலம் எல்லாவற்றையும் அதைத் தள்ளுகிறவர்களே முடிவு செய்ய வேண்டும் என்பதும்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு ட்ராலியில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு போர்ட் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம்.

வெறும் பச்சைப் பலகையின் மீது சால்டர் பேஸ்ட் பூசப்படும். பிறகு பிக் அண்ட் பிளேஸ் இயந்திரம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், சிப் ஆகியவற்றை எடுத்து வைக்கும். அடுத்து ரீஃப்ளோ அடுப்பில் சால்டர் உருகி, ஆறியதும் அவை ஒட்டிக் கொள்ளும். இந்த மூன்றையும் கன்வேயர் இணைத்து விடுகிறது. மனித உழைப்பு தேவைப்படுவது அதற்கு முன்னும் பின்னும்தான். பாகங்கள் ரீலில் சுற்றப்பட்டு வரும். 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள ரெசிஸ்டர் என்றால் 7 அங்குல ரீல் ஒன்றில் 5,000 இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான ரீல்களை ஸ்டோரிலிருந்து லைனுக்குக் கொண்டு வர வேண்டும். அடுப்பிலிருந்து வெளியே வரும் போர்டுகள் மேகசினில் அடுக்கப்படும். (மேகசின் என்றால் நீங்கள் கையில் வைத்திருப்பது அல்ல! இரு பக்கமும் பள்ளம் வைத்த ஒரு கூண்டு. பொதுவாக 50 போர்டுகள் செருகலாம்.) போர்ட் ஒன்று 200 கிராம் என்று வைத்துக் கொண்டால்கூட 50 போர்ட் 10 கிலோ. கூண்டின் எடை தனி. இதை ஒருவர் ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை தூக்கி, திரும்பி, குனிந்து வைப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு 1991ஆம் ஆண்டு திருத்திய கணக்கு ஒன்று உண்டு. எல்லாம் வசதியாக அமைந்திருந்தாலும் ஒருவர் கையால் தூக்கும் எடை 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது அது. உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தால், கையை நீட்ட வேண்டியிருந்தால், அடிக்கடி தூக்க வேண்டியிருந்தால் அந்த 23 குறைந்து கொண்டே வரும். என் ஊர் ஆலங்குளம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அல்ல. விருதுநகர் மாவட்டத்தில் 1970ஆம் ஆண்டு அரசு சிமென்ட் ஆலை தொடங்கிய ஆலங்குளம். 50 கிலோ மூட்டையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களிடம் 10 கிலோவைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் மூட்டை கனம் என்பது பார்த்த உடனே தெரிந்து விடும். 10 கிலோ நூறாவது முறைதான் தெரியும்.

இனி ட்ராலிக்கு வருவோம். நம் ஊர்ப் பட்டறைகளில் ட்ராலி என்றால் ஆங்கிள் இரும்பை வெட்டி, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்துத் தருவார்கள். பலமாக இருக்கும். ஆனால் செய்தது செய்ததுதான். இரண்டு அங்குலம் உயரம் குறைக்க வேண்டும் என்றாலும் மறுபடி பட்டறைக்குத்தான் போக வேண்டும். இதற்கு மாற்றாக ஜப்பானில் வளர்ந்ததுதான் பைப் அண்ட் ஜாயின்ட் முறை. லீன் பைப் என்றும் சொல்வார்கள். 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய இரும்புக் குழாய். மேலே பிளாஸ்டிக் பூச்சு. மீட்டருக்குச் சுமார் அரை கிலோதான் எடை. இரண்டு குழாய்களை ஒரு உலோக இணைப்பு கவ்விப் பிடிக்கும்; ஒரு போல்ட்டை ஆலன் கீயால் முறுக்கினால் முடிந்தது. அலுமினியக் குழாயிலும் வருகிறது.

உங்கள் அசெம்பிள்டு கம்ப்யூட்டரை நினைத்துக் கொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுகளால்தான் எந்தக் கம்பெனி மதர்போர்டும் எந்தக் கம்பெனி கேபினட்டிலும் உட்காருகிறது. ராம் போதவில்லை என்றால் கம்ப்யூட்டரையே தூக்கிப் போடுவதில்லை, ராமை மட்டும் மாற்றுகிறோம். இந்த ட்ராலியும் அதே கதைதான். 28 மில்லிமீட்டர் என்ற அளவு நிலையானதால் தட்டு, சக்கரம், உருளை வைத்த சரிவுப் பாதை எல்லாம் தனித்தனியாக வாங்கி மாட்டலாம். மாடல் மாறினால் கழற்றி, அதே குழாயில் வேறு வடிவம் செய்யலாம். சரிவுப் பாதையில் பின்பக்கம் ட்ரே வைத்தால் அது தானே முன்பக்கம் உருண்டு வரும். முதலில் வைத்தது முதலில் கைக்கு வரும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது.

இப்போது என் கதை. ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் போர்டுகளின் பார்கோடைப் படித்துக் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேருக்காகச் சில வாரங்கள் போயிருந்தேன். அடுப்புக்கும் டெஸ்டிங் மேஜைக்கும் நடுவே போர்டுகள் நீண்ட நேரம் தேங்குவதாக எங்கள் ரிப்போர்ட் காட்டியது. சாஃப்ட்வேரில் ஒரு எச்சரிக்கை மணி வைத்துத் தரும்படி மேனேஜர் கேட்டார். அங்கே வேலை செய்த ஒரு அக்காவிடம் காரணம் கேட்டேன். "தம்பி, இந்த வண்டிய ஒரு தடவ தள்ளுறதே மல்லுக்கட்டு. அதான் நெறயட்டும்னு இருக்கோம்" என்றார். இரும்பு ட்ராலி. ஒரு சக்கரம் சரியாகச் சுற்றவில்லை. தூணுக்கும் மேஜைக்கும் இடையே ஒடித்துத் திருப்ப வேண்டும். காலியாக இருக்கும் போதே கனம் என்றால் பாதி நிறைந்ததும் யார் தள்ளுவார்கள்?

அந்த லைன் சூப்பர்வைசர் புத்திசாலி. மணியை ஒத்திப் போடச் சொல்லி விட்டு, குழாய்களை வரவழைத்தார். அந்த அக்காவையும் இன்னொருவரையும் நிற்க வைத்து இடுப்பு உயரம் அளந்தார். மேல் தட்டு அந்த உயரத்தில், அகலம் பாதியாக, ஒரு மேகசின் மட்டும் உட்காரும்படி இரண்டு வண்டிகள் ஒரே மதியத்தில் தயாராகின. மறுநாள் கைப்பிடி முழங்கையில் இடிக்கிறது என்றார்கள். ஆலன் கீயை எடுத்து அவர்களே இறக்கி வைத்துக் கொண்டார்கள். ரிப்போர்ட்டில் தேக்கம் கரைந்தது. எச்சரிக்கை மணியை நான் எழுதவே இல்லை.

எடை மட்டும் அல்ல, ஸ்டேட்டிக் மின்சாரமும் இருக்கிறது. நம் உடம்பில் சுமார் 3,000 வோல்ட் ஏறினால்தான் சுருக் என்று உணர்கிறோம். சில சிப்புகள் 100 வோல்ட்டிலேயே பழுதாகி விடும். சில சமயம் உடனே சாகாது. டெஸ்டில் பாஸ் ஆகி, உங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்துப் படுத்துக் கொள்ளும். இதை விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் உடம்பின் ஸ்டேட்டிக் மின்சாரத்தை எர்த்தில் இறக்கி விட்டுத்தான் மருந்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். ராஜபாளையம் நூற்பாலைகளில் காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சு எல்லாவற்றிலும் ஒட்டிக் கொள்ளும் என்பது ஷிஃப்டில் நிற்கும் எவருக்கும் தெரியும். ட்ராலியிலும் அதே பாடம்தான். சாதாரண பிளாஸ்டிக் பூசிய குழாய் மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரத்தைக் கடத்தும் கறுப்புப் பூச்சு உள்ள குழாய் வேண்டும். சக்கரமும் அப்படியே. இல்லாவிட்டால் ஒரு சங்கிலியைத் தரையில் உரச விட வேண்டும், தரையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். கறுப்பு பெயின்ட் அடித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. மீட்டர் வைத்து அளந்து வாங்குவது நல்லது.

பாதுகாப்பு என்றதும் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. மூடியதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 2010 அக்டோபர் 31 அன்று அங்கே சர்க்யூட் பலகைகளை ஏற்றும் இயந்திரத்தில் சிக்கி ஒரு இளம்பெண் தொழிலாளி இறந்து போனதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சிப் வைக்கும் இயந்திரம் அல்ல, அடுப்பு அல்ல. பலகையை நகர்த்தும் இயந்திரம். லேசான ட்ராலி அந்த உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நகர்த்துவது சில்லறை வேலை என்று ஒதுக்குகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இந்தக் குழாய் வண்டி எல்லாவற்றுக்கும் ஆகாது. யு.பி.எஸ். பேட்டரி, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றை ஏற்றினால் குழாய் வளையும். அவற்றுக்கு இரும்பு ட்ராலிதான் சரி. போல்ட்டுகள் ஓட ஓடத் தளரும். அடிக்கடி முறுக்கிப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மலிவான இணைப்பு விரிசல் விடும்.

2025 மார்ச் 28 அன்று மத்திய அமைச்சரவை எலக்ட்ரானிக்ஸ் உதிரி பாகங்களுக்காக 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பெரிய ஆலைகளுக்கு அது உதவட்டும். எல்.இ.டி. பல்ப், இன்வெர்ட்டர் போர்ட் அசெம்பிளி செய்யும் சிறிய பட்டறைகள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வர வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலுக்குப் போகாமல், மாலையில் வீடு திரும்பும்படி வேலை செய்யலாம். அப்படித் தொடங்குகிறவர்கள் அறையின் கதவை அளந்து, வேலை செய்யப் போகிறவரின் இடுப்பை அளந்து, அதற்குப் பிறகு குழாய் வாங்கட்டும். இந்த ட்ராலிகளைச் செய்து தருவதே ஒரு தொழில். குழாய் வெட்டும் கருவி ஒன்றும் ஆலன் கீ ஒன்றும் போதும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை கம்ப்யூட்டரை சர்வீசுக்குக் கொடுக்கும் போது கடையில் சற்று நின்று பாருங்கள். கழற்றிய மதர்போர்டை எங்கே வைக்கிறார்கள்? பளபளக்கும் வெள்ளி நிறப் பையிலா, வெறும் தெர்மோகோல் மீதா? ரோஸ் நிறப் பை தன்னளவில் ஸ்டேட்டிக்கை உண்டாக்காது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளிப் பை தடுக்கும். தெர்மோகோல் என்றால் தயங்காமல் கேளுங்கள். கோபித்துக் கொள்ள மாட்டார்கள். கோபித்துக் கொண்டால் வேறு கடை பாருங்கள்.