டிக் டிக் சத்தம் கேட்டா, முதல்ல ஆஃப் பண்ணுங்க

இன்ஜினியரிங் படிக்கிறோம்னு தெரிஞ்சா போதும், ஊர்ல எல்லாருக்கும் நாமதான் கம்ப்யூட்டர் டாக்டர். அதுவும் ஆரணி மாதிரி பட்டு நெசவு ஊர்ல, நம்ம கைக்கு வர்ற பழைய பிசியில் சினிமா மட்டும் இருக்காது. ஒரு குடும்பம் வருஷக்கணக்கா வரைஞ்சு சேர்த்த முந்தி, பார்டர், புட்டா டிசைன் ஃபைல்களும் இருக்கலாம். அதனால கறாராவே சொல்றேன்: சாகக் கிடக்கிற ஹார்ட் டிஸ்க்கை ரிப்பேர் பண்ணப் பார்க்காதீங்க. முதல்ல காப்பி எடுங்க.

"செக்டிஸ்க் போடு மச்சி, சரியாயிடும்"னு சொல்ல ஒரு நண்பன் கண்டிப்பா இருப்பான். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தத்தான் பார்க்கும். உங்க ஃபைலைக் காப்பாத்துறது அதோட வேலை இல்லை. அதுக்காக அதே நோஞ்சான் டிஸ்க்லயே எழுதவும் செய்யும்.

உள்ள இருக்கிற தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுத்துது. ஹெட் அதுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துலதான் மிதக்குது. டிக் டிக்னு சத்தம் வந்தா பெரும்பாலும் ஹெட்ல கோளாறு. ஓட விட்டா தட்டுலயே கீறல் விழலாம். ஆஃப் பண்ணிட்டு, தூசி புகாத அறை இருக்கிற லேபுக்கு அனுப்புறதுதான் வழி. வீட்ல மூடியைத் திறக்காதீங்க, ஃபிரிட்ஜிலயும் வைக்காதீங்க.

சத்தம் இல்லாம வெறும் ஸ்லோவா, எரர் காட்டிக்கிட்டு இருந்தா, லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ இருக்கு, இலவசம். நல்லா இருக்கிற பகுதிகளை முதல்ல எடுத்துட்டு, அடம் பிடிக்கிற இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எதுவரைக்கும் எடுத்தோம்னு மேப் ஃபைல்ல குறிச்சு வைக்கிறதால நடுவுல நின்னாலும் தொடரலாம். எந்த டிஸ்க்ல இருந்து எந்த டிஸ்க்குக்குன்னு ரெண்டு தடவை பாருங்க. மாத்திக் கொடுத்தா இருந்ததும் போச்சு. மத்த மீட்பு வேலையெல்லாம் அந்தக் காப்பி மேலதான்.

லேபுக்குப் பணம் கட்டச் சொல்றதுக்கு முன்னாடி உரிமையாளர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இந்த டிசைனுக்கு அட்டை இருக்கா?" ஜக்கார்டு அட்டையில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும், எந்தப் பாவு நூல் தூக்கணும்னு சொல்ற தகவல்தான். அட்டையைப் பார்த்து டிசைனைத் திரும்ப வரையலாம். அட்டை இல்லைன்னாலும், நெஞ்ச புடவை ஒண்ணு பீரோவுல இருந்தா அதைப் பார்த்து வரையலாம். ரெண்டும் இல்லாத டிசைனுக்குத்தான் லேப் செலவு.

அட்டை காலத்துல தறியிலயே ஒரு பிரதி தொங்கிச்சு. ஒரு அட்டை கிழிஞ்சா அதை மட்டும் புதுசா அடிச்சு மாட்டினாப் போதும். எலக்ட்ரானிக் ஜக்கார்டுல அந்த அட்டையே கிடையாது. வேகம் கிடைச்சுது, தானா இருந்த பேக்கப் போச்சு. இதை நெசவாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நம்ம பொறுப்புன்னு நினைக்கிறேன்.

பேக்கப் எடுத்தா மட்டும் பத்தாது, திறந்தும் பார்க்கணும். 1998-ல் பிக்சார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' ஃபைல்கள் தப்பா அழிஞ்சப்போ பேக்கப் கைகொடுக்கலை. கேலின் சூஸ்மன் வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாத்துச்சு.

அடுத்த தடவை யாராவது பிசியைக் காட்டினா, அது நல்லா ஓடிக்கிட்டு இருந்தாலும் பரவாயில்லை. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கச் சொல்லி, டிசைன் ஃபோல்டரைக் காப்பி பண்ணி, நாலு ஃபைலைத் திறந்து காட்டிட்டு வாங்க. மீட்கிறதை விட அது ரொம்ப சுலபம்.