உங்கள் ஊரின் ஒலியைப் பதிந்து வைத்தீர்களா?



சுற்றுச்சூழல் நாள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அட்டையில் வாசகம் எழுதி ஊர்வலம் போகிறோம். முன்னால் ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி அலறுகிறது. ‘மரம் வளர்ப்போம்’ என்று அது முழங்கும்போதே பக்கத்து மரத்து மைனாக்கள் பறந்துவிடுகின்றன! ஊர்வலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஊராருக்கு நாம் பேசிக் காட்டுவதைவிட, ஊரையே அவர்கள் காதில் விழச் செய்வது மேல் என்பது என் கருத்து.

பெர்னி கிராஸ் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் காட்டு ஒலிகளைப் பதிவதையே தம் வேலையாக்கிக் கொண்டவர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்றோர் இடம். மரங்களைத் தேர்ந்தெடுத்து ஆங்காங்கே மட்டும் வெட்டப் போவதாகவும், இயற்கைக்குக் கேடு வராது என்றும் மரம் வெட்டும் நிறுவனம் அங்கே உறுதி கூறியது. 1988இல், வெட்டுவதற்கு முன், கிராஸ் அங்கே விடியற்காலை ஒலியைப் பதிந்தார். மறு ஆண்டு அதே பருவத்தில் மீண்டும் போனார். கண்ணுக்குக் காடு அப்படியே இருந்தது. புகைப்படத்திலும் வேறுபாடு இல்லை. ஒலிப்பதிவிலோ ஓடை நீரின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும்தான் மிஞ்சியிருந்தன.

இதைக் காட்டிக் கொடுத்தது ஒலி நிறமாலைப் படம். குறுக்கே நேரம், மேல்நோக்கி அதிர்வெண். வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அலைவரிசையில் ஒலிபரப்புவதுபோல, வளமான காட்டில் பூச்சிக்கு ஓர் இடம், தவளைக்கு ஓர் இடம், பறவைக்கு ஓர் இடம் என்று அதிர்வெண்கள் பங்கிடப்பட்டிருக்கும் என்பது கிராஸின் கருத்து. ஓர் உயிர் மறைந்தால் படத்தில் அதன் பட்டை வெறுமையாகிவிடும். 2016இல் பாரிஸ் நகரில் இத்தகைய பதிவுகளை ஒரு கலைக்காட்சியாகவே வைத்தார்கள். மக்கள் இருண்ட கூடத்தில் உட்கார்ந்து காடுகளைக் கேட்டார்கள்.

நம்மவர்களும் ஒலியை நாடியதுண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டப்படுவதை எதிர்த்து, 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் வெளிவந்தது. வசைச் சொல்லாகிவிட்ட ‘புறம்போக்கு’, பொது நிலத்தைக் குறிக்கும் சொல் என்பதைப் பலர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்கள். நல்ல பாடல்தான். ஆனால் பாட ஒரு கிருஷ்ணா வேண்டும். பதிவு செய்ய நீங்களே போதும்.

காடாம்புலியூரை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் பூமி. முந்திரியும் பலாவும் நிறைந்தது. 2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, இவ்வட்டாரத்தின் முதிர்ந்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரங்களை எல்லோரும் படம் பிடித்தோம். அவை நின்றிருந்த நாளில் தோப்பு எழுப்பிய ஒலியைப் பதிந்து வைக்க நமக்குத் தோன்றவில்லை. இன்று ஒட்டுக்கன்றுகள் வளர்ந்து, தோப்பு மறுபடி பச்சையாகத் தெரிகிறது. பழைய மரப்பொந்துகளில் குடியிருந்த ஆந்தையும் கிளியும் திரும்பினவா? ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு இருந்தால் அல்லவா சொல்ல முடியும்!

ஆகவே இந்தத் தை மாதம், முந்திரி பூக்கும்போது தொடங்குங்கள். வீட்டுக் கைப்பேசி போதும். சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பு, 10 நிமிடம் பதியுங்கள். மாதந்தோறும் அதே மரத்தடி, அதே நேரம், அதே கைப்பேசி. காற்று, மழை, தேதி எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். ஓர் எச்சரிக்கை: கைப்பேசி மெல்லொலியைத் தானே கூட்டியும் பேரொலியைத் தானே குறைத்தும் பதியும். எனவே எது உரக்கக் கேட்டது என்று ஒப்பிடாதீர்கள். எந்தெந்தக் குரல்கள் இருந்தன என்று மட்டும் பாருங்கள். செம்போத்து, ஆட்காட்டி, தவிட்டுக்குருவி, தேனீயின் ரீங்காரம், நெடுஞ்சாலை லாரி—எல்லாம் பட்டியலில் வரட்டும். லாரியின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். படத்தின் அடியில் தடித்த பட்டையாகத் தெரியும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் 3 நிமிடம் கேளுங்கள். சொற்பொழிவு வேண்டாம். தையில் பதிந்ததைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு, 50 ஆண்டுக்கு முன் இதே தோப்பில் வேறு என்ன குரல் கேட்டது என்று அங்கிருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.