பீரோவில் பூட்டினால் பேட்டரி சாகும்!

தாய் விடியற்காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறாள். தந்தைக்கு வாணியம்பாடியில் தோல் பதனிடும் வேலை. நாட்றம்பள்ளிப் பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். மகளுக்குச் சர்க்கார் ஒரு மடிக்கணினி கொடுக்கிறது. வீட்டில் அதைவிட விலை உயர்ந்த பொருள் கிடையாது. இன்னொன்று வாங்க வழியும் கிடையாது.

என்ன செய்கிறார்கள்? கல்யாணப் பட்டுப் புடவை போல அதைத் துணியில் சுற்றுகிறார்கள். பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

பல மாதங்கள் கழித்து, கல்லூரிப் பாடத்துக்காக மகள் பீரோவைத் திறக்கிறாள். கணினி கண் விழிக்கவில்லை. "கெட்டுப் போச்சு" என்று வீடே கலங்குகிறது.

ஆனால் பெரும்பாலும் கெட்டது கணினி அல்ல. செத்தது பேட்டரி. கொன்றது யார்? அந்தப் பூட்டுத்தான்!

20 லட்சம் பேர்

தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் கணினிகள் போய்ச் சேர்ந்தன. மறு ஆண்டே, 2012-ல், மாநிலம் முழுவதும் கடும் மின்வெட்டு. மாவட்டங்களில் பகலெல்லாம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. அந்த நாட்களில் பேட்டரி இருந்த பிள்ளை படித்தது. பேட்டரி போன பிள்ளை மின்சாரத்துக்குக் காத்திருந்தது.

கொரோனா காலத்துக்குப் பிறகு அந்தத் திட்டம் தடைப்பட்டது. பிறகு 2025 பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி கொடுப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 20 லட்சம் கணினி என்றால் 20 லட்சம் பேட்டரி. அவை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது சின்ன விஷயம் அல்ல.

உள்ளே நடப்பது என்ன?

இந்தப் பேட்டரிக்கு லித்தியம் அயனி பேட்டரி என்று பெயர். 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97!

பேட்டரிக்குள் இரண்டு கரைகள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகிறது. கணினி ஓடும்போது திரும்பி வருகிறது. இப்படிப் போய் வரும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியம் ஒரு கரையில் படிந்து விடுகிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகக் கறை ஏறுமே, அதுபோலத்தான். கறை தடிக்கத் தடிக்க, பேட்டரி பிடிக்கும் மின்சாரம் குறைகிறது. சாதாரணமாக 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் தேய்மானம் நன்றாகத் தெரியும்.

உழைத்தால் தேயும், சரி. சும்மா வைத்தால்? அப்போதும் தேயும்! இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. சும்மா இருக்கும் பேட்டரியிலும் மின்சாரம் சொட்டுச் சொட்டாக வடிகிறது. ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், ஆபத்து வராமல் தடுக்கப் பேட்டரிக்குள் இருக்கும் காவல் கருவி கதவை அடைத்து விடும். அதன்பின் சார்ஜ் ஏறாது. பீரோவுக்குள் நடப்பது இதுவே.

வெயில் பெரும் பகை

பேட்டரிக்கு இன்னொரு எமன் வெப்பம். பேட்டரி நிபுணர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். 25 டிகிரி வெப்பத்தில், 40 சதவீதம் சார்ஜுடன் ஓர் ஆண்டு வைத்தால், பேட்டரியின் பழைய சக்தியில் சுமார் 96 சதவீதம் மிஞ்சுமாம். 40 டிகிரி வெப்பத்தில், முழு சார்ஜுடன் வைத்தால் சுமார் 65 சதவீதம்தான் மிஞ்சுமாம்.

வேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். உச்சி வெயிலில் காய விட்ட தோல் விறைத்துப் போகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேட்டரியும் அப்படித்தான்.

ஆகவே கணினியைக் கூரைக்கு அடியில் பரண்மேல் போடக் கூடாது. மெத்தைமேலும், தலையணைமேலும் வைத்து ஓட்டக் கூடாது. அடியில் காற்றுப் போகும் துளைகள் அடைபட்டுக் கணினி கொதிக்கும். பழைய முறம் ஒன்றின் மேல் வைத்தால்கூடப் போதும்.

"முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு. இந்தப் பேட்டரிக்கு அது கெடுதல். 20 சதவீதத்துக்கு இறங்கும்போது போட்டு, 80 வந்ததும் எடுத்து விடலாம். நாள் முழுவதும் மின்சாரத்தில் செருகியே வேலை செய்கிறவர்கள், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி தங்கள் கணினியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கணினிகளில் இருக்கிறது. பரீட்சை நாளில் 100 வரை ஏற்றினால் குடி முழுகிவிடாது!

பல மாதம் எடுத்து வைக்கத்தான் வேண்டுமா? பாதி சார்ஜ் ஏற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்ற வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை பார்த்தால் மறக்காது.

இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கணினி கொடுக்கும் மேடையிலேயே இதைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்க என்ன செலவாகும்? உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு நியாய விலையில் பேட்டரி மாற்ற, தாலுகாவுக்கு ஓர் இடமாவது சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். கணினிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பேட்டரிக்காக அதை மூலையில் போட விடுவது வீண் விரயம்.

செத்த பேட்டரி

பேட்டரி போய்விட்டது என்பதற்காகக் கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். மின்சாரத்தில் செருகினால் பல கணினிகள் பேட்டரி இல்லாமலே ஓடும். மின்சாரம் போனால் செய்த வேலை போய்விடும், அவ்வளவுதான். புதுப் பேட்டரி வாங்கும்போது அது தயாரித்த தேதியைக் கேட்க வேண்டும். கடையில் தூங்கினாலும் அதற்கு வயதாகும்.

பேட்டரி உப்பிப் போயிருந்தால் உடனே உபயோகத்தை நிறுத்த வேண்டும். அழுத்தவோ, குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும்.

பழைய பேட்டரியைக் குப்பையிலோ ஆற்றிலோ எறியக் கூடாது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. அந்த மண்ணில் இன்னொரு விஷத்தைக் கொட்ட வேண்டுமா? தேய்ந்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று மத்திய அரசின் 2022-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைத் திரும்ப எடுத்துக் கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்.