முழங்கால் தண்ணிதானே மச்சி!

கும்மிடிப்பூண்டி பக்கம் படிக்கிற நமக்கு வீக்கெண்ட் பிளான்னாலே தடாதான். எல்லையைத் தாண்டினா உப்பலமடுகு அருவி, இன்னொரு பக்கம் நாகலாபுரம் மலை. பெட்ரோல், பிரியாணி, பவர் பேங்க் எல்லாத்துக்கும் குரூப்ல லிஸ்ட் போடுறோம். வழியில் ஓடையைக் கடக்கணுமே, அதைப் பத்தி மட்டும் பேச்சே இல்லை. கேட்டா, "முழங்கால் தண்ணிதானே மச்சி!"

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சதை இங்க போட்டுப் பார்க்கலாம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். தண்ணீர் அரை மீட்டர் ஆழம், இரண்டு காலும் சேர்ந்து 30 செ.மீ. அகலம்னு வைங்க. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் விசை சுமார் 75 நியூட்டன். 2 மீட்டரில் 300. அதாவது, 30 கிலோ எடை காலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்குது. கீழே பாசி பிடித்த பாறை வேற.

வேகம் எப்போ கூடும்னு நம்ம தலைக்கு மேல இருக்கிற வானம் சொல்லாது. மழை எங்கேயோ மலைமேல பெய்யும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவனை அடித்துச் சென்றது. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலத்தின் பியாஸ் ஆற்றில் இறங்கியிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், லார்ஜி அணையில் திறந்துவிட்ட நீரில் இறந்தார்கள். டூர் போன நம்மைப் போன்ற பசங்கதான்.

இப்படி ஏதாவது நடந்தால் கல்லூரிகள் உடனே தடை சர்க்குலர் போடுது. அதனால பசங்க போறது நிக்காது, சொல்லாம போறதுதான் ஆரம்பிக்கும். மாட்டிக்கிட்டா தேட வேண்டியவங்களுக்கு எங்கேன்னுகூடத் தெரியாது. அதுக்குப் பதிலா, தீயணைப்புத் துறையினரை வைத்து வருஷத்துக்கு ஒரு வகுப்பு நடத்துங்க.

நாமும் சிலதைப் பழகணும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, உடனே மேட்டுக்கு ஏறணும். கடக்கிற இடத்துக்குக் கீழே அருவி இருந்தா இறங்கவே கூடாது. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிட்டுத்தான் கடக்கணும். அக்கரையில் மாட்டிக்கிட்டா, வெள்ளம் வடியற வரைக்கும் காத்திருக்கணும். திங்கக்கிழமை இன்டர்னல் இருந்தாலும் சரி.

முக்கியமா, குரூப்ல ஒருத்தர் "வேண்டாம்"னு சொன்னா எல்லாரும் திரும்பணும். பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணாதீங்க. அவங்க ஒருத்தர்தான் அங்க கணக்கைச் சரியா போட்டிருக்காங்க.