ஐம்பத்திரண்டு வயதில் முதல் நாள்

தோட்டத்தைப் பற்றி நம்மிடம் நாவல் இருக்கிறது, சிறுகதை இருக்கிறது, கவிதை தேவைக்கு மேலேயே இருக்கிறது. அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். நம்மவர்கள் அதற்கு முன்னும் பின்னும் எழுதினார்கள். நான் படித்தவற்றில் பாதிக்கு மேல் கடைசிக் காட்சி ஒன்றுதான்: லயம் இடிபடும், கோயில் வாசலில் ஒரு பாட்டி அழுவார், லாரி கிளம்பும். முற்றும்.

அந்த லாரி எங்கே போனது என்று யாரும் எழுதவில்லை. செனவாங்குக்கும் நீலாய்க்கும் போனது. அதில் ஏறியவர்கள் இன்று காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு என் கண்முன்னே கார்டு தட்டுகிறார்கள்.

நெகிரி செம்பிலானில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. பிறகு அந்த நிலத்திலும் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. பாதி வாழ்க்கையைத் தோட்டத்தில் கழித்தவர்கள், நாற்பது ஐம்பது வயதில் மறுபடியும் ‘புது ஆள்’ ஆனார்கள்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் புது ஆட்களுக்கான பயிற்சியைத் தயாரித்தது நான்தான். நாற்பத்தாறு ஸ்லைடு. பாதி மலாய், பாதி ஆங்கிலம். இரண்டு மணி நேரம். கடைசியில் ‘புரிந்தது’ என்று ஒரு கையெழுத்து.

போன வருஷம் ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். உதிரிப் பாகங்களை அளந்து பார்க்கும் மேசையில் உட்கார வைத்தோம். மைக்ரோமீட்டரைப் படிக்கத் திணறினார். “இந்த ஆன்ட்டிக்கு மண்டையில ஏறாது பாஸ்” என்றான் இருபத்துமூன்று வயது லைன் லீடர், அவர் காதில் விழும்படியே. நான் சும்மா இருந்தேன். தகுதிகாண் காலம் முடிவதற்குள் அவரை நிறுத்திவிட்டார்கள். மதிப்பீட்டுத் தாளில் ‘கற்றுக்கொள்வதில் வேகம் போதாது’ என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

போகிற அன்றைக்கு அவர் சண்டை போடவில்லை. “யாராச்சும் ஒரு தடவ கையப் புடிச்சுக் காட்டியிருந்தா பழகியிருப்பேன் தம்பி. மரம் வெட்ட அப்படித்தான கத்துக்கிட்டேன்” என்றார்.

ஒரு வெட்டுக்குச் சீவும் பட்டையின் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். உளி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு ஒழுங்காக வெட்ட வராது. மேலாகச் சீவினாலோ மங்கில் பால் விழாது. இதை இருட்டோடு எழுந்துபோய், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்த கைக்கு அளவு தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தோட்டம் சொர்க்கமில்லை. கங்காணியின் வசவும் கிராணியின் கணக்கும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அங்கே புது ஆளை ஸ்லைடு காட்டி நிரைக்கு அனுப்பவில்லை. அம்மாவோ அத்தையோ பக்கத்தில் நின்றார்கள். சாய்க்கப்போகும் கிழட்டு மரத்தில் வெட்டிப் பழக விட்டார்கள். அன்பினால் அல்ல, நல்ல மரம் கெட்டால் நஷ்டம் என்பதால். மரத்துக்கு இருந்த அந்த மதிப்புகூட இங்கே ஆளுக்கு இல்லை.

“கம்பெனி என்ன தர்மச் சத்திரமா?” என்று கேட்பார்கள். வேலையைப் பாதுகாப்பாகச் செய்யச் சொல்லிக்கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே சொல்கிறது. தனியார் துறையில் அறுபது வயதுவரை வேலை என்ற சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் தகுதிகாண் காலத்தில் இருப்பவர் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். ஐம்பது தாண்டிய புது ஆளை சட்டம் கைவிடுவது சரியாக அந்தச் சில மாதங்களில்தான். அப்போது அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது நானும் என்னைப் போன்றவர்களும்.

செய்ய வேண்டியது பெரிய விஷயமே இல்லை. ஐம்பது வயதுக் கண்ணுக்கு வெள்ளெழுத்து இருக்கும், மேசையில் ஒரு லென்ஸ் விளக்கு வைக்கலாம். எண்ணைப் படிக்கவே தேவையில்லாத கேஜ் இருக்கிறது: பாகம் சரியென்றால் ஒரு முனை நுழையும், மறுமுனை நுழையாது. முதல் மாதம் தமிழ் பேசும் மூத்த தொழிலாளி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். இவ்வளவும் எனக்கு அன்றைக்கே தெரியும். கேட்க ஆள் இல்லாததால் செய்யவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள். மேற்பார்வையாளராக, மனிதவள அதிகாரியாக, என்னைப்போல் பொறியாளராக இருப்பீர்கள். லயம் இடிபடும் பக்கத்தில் கண் கலங்கியிருப்பீர்கள். அடுத்த நாள் அந்தப் பாட்டியின் மகள் உங்கள் லைனில் வந்து நின்றபோது அவர் பெயரையாவது கேட்டீர்களா? அந்த அத்தியாயத்தை எழுதாமல் இன்னொரு தோட்டத்து நாவல் நமக்கு எதற்கு?

அடுத்த மாதம் புது ஆட்கள் வருகிறார்கள். பட்டியலில் இரண்டு பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஸ்லைடைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன், மூடி வைத்துவிட்டேன். ஒதுக்கித் தள்ளிய பாகங்களை இப்போது ஒரு டப்பாவில் சேர்க்கிறேன். முதல் வாரம் அதை வைத்துப் பழகட்டும்.