எந்தக் குண்டு என்று யாரும் கேட்பதில்லை

"சின்னத் துப்பாக்கியே போதுமுங்க, மான் என்ன யானையா?" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். எங்க பக்கம் திருட்டு வேட்டைக்குப் போறவனும் இதைத்தான் சொல்றான். வெளிநாட்டு வேட்டை வீடியோ நாலு பார்த்துட்டு, பெங்களூர்ல இருந்து வந்து இறங்கி எனக்கு 22 ரைஃபிளைப் பத்திப் பாடம் எடுக்கிற தம்பிகளும் இதைத்தான் சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதறேன். பட்டணத்து நண்பர்களே, நீங்களும் பொறுமையாப் படியுங்க. உங்களுக்கும் இதில் பங்கு இருக்கு.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நம்ம நாட்டில் மான் வேட்டை குற்றம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதில் தெளிவா இருக்கு. முளைச்சு வர்ற ராகியை மான் மேய்ஞ்சாலும் நான் தகரத்தைத் தட்டித்தான் விரட்டணும். அந்தச் சட்டத்தை மாத்தச் சொல்லி இதை எழுதலை. ஒரு உயிரைச் சுடுவது என்று ஆனபின், எதை வைத்துச் சுடுவது என்பதுதான் என் பேச்சு.

22 என்றால் குண்டின் குறுக்களவு 0.22 அங்குலம். பெரிய மிளகு ஒன்றின் அளவு. சாதாரண 22 லாங் ரைஃபிள் தோட்டாவில் இருக்கிற குண்டு 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராம் சொச்சம். குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் சுமார் 140 அடி-பவுண்டு. ஒரு பவுண்டு எடையை ஒரு அடி தூக்குகிற வேலைதான் ஒரு அடி-பவுண்டு. முயலுக்கும், குறி பார்த்துப் பழகவும் சரியான தோட்டா அது.

மான் வேட்டை சட்டப்படி நடக்கிற ஸ்காட்லாந்தில் என்ன சொல்றாங்க? அங்கே ரோ மான் என்று ஒன்று இருக்கு. 20, 25 கிலோதான், நம்ம வெள்ளாடு மாதிரி. அதைச் சுடவே குண்டு 50 கிரெயினுக்குக் குறையக்கூடாது, வேகம் விநாடிக்கு 2,450 அடிக்குக் குறையக்கூடாது, ஆற்றல் 1,000 அடி-பவுண்டுக்குக் குறையக்கூடாது. நம்ம தம்பிகள் மெச்சுகிற 22 தோட்டா இதில் ஏழில் ஒரு பங்கு. நம்ம புள்ளிமானில் ஆண் 70 கிலோவுக்கு மேலயும் போகும். கணக்கை நீங்களே போட்டுக்குங்க. எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும், எண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

"அண்ணா, 223-னு ஒண்ணு இருக்கே, அதுவும் சின்ன அளவுதானே?" என்று கேட்பான் விவரமானவன். ஆமாம், குறுக்களவு கிட்டத்தட்ட அதேதான். ஆனா தோட்டாவில் மருந்து அதிகம், குண்டு கிட்டத்தட்ட மூணு மடங்கு வேகத்தில் போகும். ஸ்காட்லாந்தில் ரோ மானுக்கு அது செல்லும். எல்லை தாண்டி இங்கிலாந்துக்கு வந்தால் அதே மானுக்குச் செல்லாது. அங்கே 0.240 அங்குலத்துக்குக் குறைந்த துப்பாக்கியும், 1,700 அடி-பவுண்டுக்குக் குறைந்த ஆற்றலும் கூடாது. ஒரே தீவுக்குள்ளேயே இவ்வளவு வாதம் பண்ணி வெச்சிருக்காங்க.

அதுலயும் எந்தக் குண்டு என்பது பெரிய விஷயம். குள்ளநரி மாதிரி சின்னதுகளுக்குன்னு மெல்லிய உறை போட்ட குண்டு உண்டு. அது மானின் சப்பையில் பட்டதும் மேலேயே உடைந்து சிதறிடும். உள்ளே போகாது. பட்டாளத்துக் குண்டு நேர்மாறு. முழுக்க உறை போட்டது. ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும். மான் ஓடிடும், எங்கேயோ போய் ரெண்டு நாள் கழிச்சுச் சாகும். மானுக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவில் ஒண்ணு: ஆழமாப் போகணும், போகும்போது காளான் மாதிரி விரியணும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுக்கூட்டில் பட்டால் நுரையீரலும் இதயமும் அங்கேதான். கொஞ்ச தூரத்துக்குள் விழுந்துடும்.

இப்படி விரிகிற குண்டைப் போரில் மனுசனைச் சுடப் பயன்படுத்தக்கூடாது என்று 1899-இல் ஹேக் மாநாட்டில் முடிவு பண்ணினாங்க. அதுக்குக் காரணமான குண்டு செய்தது கல்கத்தா பக்கத்து டம்டம்மில், வெள்ளைக்காரன் காலத்தில். போரில் வேண்டாம் என்ற அதே வகைதான் அங்கே மான் வேட்டையில் கட்டாயம். முரண்பாடு மாதிரித் தெரியும், கிடையாது. அடிபட்ட சிப்பாயைத் தூக்கிட்டுப் போக ஆள் இருக்கு, டாக்டர் இருக்கு. மானுக்கு யார் இருக்கா?

எங்க பக்கம் ஓடுவது இந்த ரைஃபிள் எல்லாம் இல்லை, நாட்டுத் துப்பாக்கி. குழாயில் கரிமருந்து கெட்டிச்சு, சைக்கிள் பால்ஸைப் போட்டு, ராத்திரி டார்ச் அடிச்சு, கண் மின்னுகிற இடத்தைப் பார்த்துச் சுடறது. ரெண்டு வருஷம் முன்னாடி என் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பெட்டை மான் வந்தது. கீழ்த்தாடை உடைஞ்சு தொங்குது. தண்ணியில் மூக்கை வைக்குது, எடுக்குது, மறுபடி வைக்குது. குடிக்க முடியலை. நாயைக் கட்டிப்போட்டுட்டு வனத்துறைக்குச் சொன்னோம். அவங்க வர்றதுக்குள்ள காட்டுக்குள்ள போயிடுச்சு. நாலாம் நாள் ஓடையில் கிடந்தது. சுட்டவனுக்கு அது "தப்பிச்ச மான்". நானும் என் சம்சாரமும் பார்த்தது வேற.

காயத்தோடு விட்டால் மிருகத்துக்கு மட்டும் வினை இல்லை. 1907-இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பல் ரெண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தில் உடைஞ்சிருந்தது, அதனால்தான் அது மனுசனைப் பிடிச்சதுன்னு கார்பெட்டே எழுதியிருக்கார். யாரோ ஒருத்தன் அரைகுறையாச் சுட்டுட்டுப் போன வேலை. எங்க அஞ்செட்டி, ஜவளகிரி காடெல்லாம் சுத்தின கென்னத் ஆண்டர்சன் கையில் வெச்சிருந்தது .405 வின்செஸ்டர். பெரிய குண்டு. அவருக்கென்ன தூக்கறதுக்கு ஆசையா?

இப்போ உங்க பங்கு. "அண்ணே, காட்டுக்கறி கிடைக்குமா?" என்று சனிக்கிழமையானா எனக்கே போன் வருது. கேட்கிறவங்க படிச்சவங்க, நல்ல வேலையில் இருக்கறவங்க. 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் வெடி வெச்ச பழத்தைக் கடிச்சு சினை யானை செத்தப்போ அழுதவங்களும் அதில் இருப்பாங்க. உங்க தட்டுக்கு வர்ற கறி டார்ச்சும் பால்ஸும் போட்டு எடுத்தது. அதில் ஒண்ணு விழுந்துச்சுன்னா, தாடை உடைஞ்சு போனது எத்தனைன்னு விக்கிறவன் சொல்ல மாட்டான். இனி எனக்குப் போன் பண்ணாதீங்க.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்குச் சட்டமன்றத்தில் வழி சொன்னாங்க. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 3 கி.மீ. வரை பிடிச்சுக் காட்டில் விடணும், அதுக்கும் மேல வந்தால் வனத்துறை சுடலாம். என் நிலக்கடலை அந்த முதல் கி.மீ.க்குள்ள. எனக்குப் பிரயோஜனமில்லை, போகட்டும். அன்னையிலிருந்து டீக்கடையிலும் டிவியிலும் ஒரே சண்டை, சுடலாமா கூடாதா என்று. எதை வெச்சு என்று ஒருத்தர் வாயிலும் வரலை. பன்றி மானைவிடக் கெட்டி. 12 போர் துப்பாக்கியில் சிதறுகிற ரவையைத் தூரத்திலிருந்து போட்டால் அது காயத்தோடு அடுத்தவன் கரும்புக்குள்ள போய்ப் படுக்கும். காலையில் கரும்புக்குப் போறது பெரும்பாலும் பொம்பளைங்க.

எங்க பஞ்சாயத்தில் கீழ்ப்பக்கத்துக் குக்கிராமங்கள் 3 கி.மீ. தாண்டி இருக்கு. அவங்களுக்காக அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மனு கொடுக்கப்போறேன். காந்தி பிறந்தநாளில் குண்டைப் பத்திப் பேசறான்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும். மனுவில் கேட்கிறது இவ்வளவுதான்: சுடப்போகிறவர் பயிற்சி எடுத்தவரா, எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு, எத்தனை மீட்டருக்குள் சுடுவார், அடிபட்டு ஓடினால் அன்னைக்கு ராத்திரியே தேடிப்போகப் போறது யார்.